லைன் வரவேண்டிய வீடு

வேலைக்கான நேர்காணலில் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். வீட்டில் அதிவேக இணைய இணைப்பு இருக்கிறது என்று. அப்போது எங்கள் புது வீட்டில் அழைப்பு மணிக்குக்கூட ஒயர் இழுக்கவில்லை.

மனைவிக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி சார்ந்த அலுவலகத்தில் வேலை. அதனால் மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்பி, திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலையோரம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தோம். ஐம்பது வயதில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, இயந்திரங்களோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தரவேண்டும். வாரத்தில் ஒருநாள் அலுவலகம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே செய்யலாம், இணையம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும் என்றார்கள். இருக்கிறது என்றேன். மூன்று நாளில் வந்துவிடும் பொருளை இருக்கிறது என்று சொல்வது பொய்யே இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் என்று சொன்னது திருப்போரூர் கடைத்தெருவில் விண்ணப்பம் வாங்கிய பெண். எங்கள் பக்கத்தில் கம்பம் நட்டுக் கேபிள் இழுத்திருப்பது ஒரே ஒரு நிறுவனம். அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. இரண்டாவது ஆள் இருந்தால்தானே முதல் ஆளுக்குப் பெயர் தேவைப்படும். "கம்பெனியில எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

மூன்று நாள் ஆனது. பத்து நாள் ஆனது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு பெண் குரல் இருபது நிமிடம் விளக்கும். பிறகு வருபவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கம்பத்திலுள்ள பெட்டியில் இடமில்லை. குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டியிருக்கிறார்கள். மழை. மழை விட்ட பிறகு, மழையில் தேங்கிப்போன வேலைகள். மூன்றாவது வாரத்தில் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் இணைப்பு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் வழங்குங்கள். நான் வீடு முழுவதும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் வந்து பொருத்திவிட்டுப் போயிருப்பார்களோ என்று நிஜமாகவே பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூட.

இதற்கிடையில் வேலை நடக்கவேண்டுமே. போனில் சிக்னல் சொல்லிக்கொள்ளும்படி வந்த இடம் வீட்டிலேயே ஒன்றுதான், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் உள்ள இரண்டடி. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் கணினி, தலைக்கு மேல் குடை, காதில் ஹெட்போன். அலுவலகக் கூட்டங்களில் கேமராவைப் போடச் சொல்வார்கள். குடை தெரியாமல் முகத்தை மட்டும் காட்ட நான் கழுத்தைப் பிடித்து வைத்திருந்த கோணத்தில், கம்பீரமானவன் என்று சிலர் நினைத்துக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கடற்காற்று வாங்கும் இடமாகப் பார்த்து வேலை செய்கிறீர்கள் போல என்று மேலாளர் ஒருநாள் பொறாமைப்பட்டார். ஆமாம் என்றேன். இரண்டாவது பொய்.

மனைவி காலையில் அலுவலகப் பேருந்தில் போய் மாலையில் வருவாள். என் முகம் கறுத்துக்கொண்டே வருவதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, "லைன் வர்றதுக்குள்ள உங்கள அடையாளம் தெரியாமப் போயிடும் போலிருக்கே" என்றாள். வேறு யோசனை எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அலுவலகத்தில் இணையம் நன்றாக வேலை செய்தது.

நாற்பதாவது நாளுக்குப் பக்கத்தில் எனக்குப் பொறுமை போனது. கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். நான் எழுதுவேன். அப்படி எழுதியதால் எந்தக் காரியமும் இதுவரை நடந்ததில்லை என்றாலும், எழுதும்போது ஒரு சுகம் இருக்கிறது. நான்கு பக்கம் எழுதினேன். சிறுதலைப்புகள் போட்டேன். "பகுதிக்குப் பொறுப்பான லைன்மேன் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவரது மெத்தனப்போக்கு கண்டிக்கத்தக்கது" என்ற வரியை நான்கு விதமாக மாற்றி எழுதிப் பார்த்துக் கடைசியில் முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டேன். அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் பேருந்தில் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முதல் மூன்று பக்கங்களைப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் லைன்மேன் பற்றிய பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார். நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். நல்ல தமிழுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அந்த வார வியாழக்கிழமை நான் அலுவலகத்துக்குப் போகும் நாள். மாலையில் வீடு திரும்பியபோது, என் மொட்டை மாடிக்கு மேலாக ஒரு புதிய கறுப்புக் கேபிள் போய்க்கொண்டிருந்தது. அது என் வீட்டில் இறங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனது.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு பெண்மணி, கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் மேற்பார்வை வேலை பார்ப்பவர். எனக்கு மூன்று வாரம் கழித்து விண்ணப்பித்தவர். அவருடைய கணவர் கோவளம் சர்ச் பாட்டுக்குழுவில் பாடுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வெள்ளை உடையில் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி பெரிய பழக்கமில்லை. அன்று வந்த கோபத்தை எங்கேயும் வைக்க இடமில்லாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று நேராகக் கேட்க வெட்கமாக இருந்ததால், லைன் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் நீங்க? அந்தாளு உங்களுக்கு போன் மேல போன் போட்டாராமே. மூணு வாட்டி கேட்டாண்ட வந்து நின்னுட்டுப் போய்கீறாரு. நீங்க கட் பண்ணிட்டீங்களாம்."

அப்படி ஒரு அழைப்பும் வரவில்லை என்றேன். போனைக் காட்டுங்கள் என்றார். விடுதியில் விருந்தினர்களின் தொலைந்த சாமான்களைத் தேடிப் பழகியவர் அவர். இரண்டு முறை தட்டி, நான் தடைசெய்து வைத்திருந்த எண்களின் பட்டியலைத் திறந்தார். அதில் கடைசி எண்ணை, அன்று மத்தியானம் தன் போனுக்கு வந்திருந்த லைன்மேனின் எண்ணோடு வைத்துக் காட்டினார். ஒரே எண்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பகலில், கூட்டத்துக்கு நடுவில், காற்று குடையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு அழைப்பை எடுத்தேன். "சார், வூட்ல கீறீங்களா? லைன் விஷயமா பேசணும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். என் காதில் லோன் என்று விழுந்தது. தினமும் நாலு பேர் கடன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். எனக்கு லோனே வேண்டாம், இனிமேல் கூப்பிட்டால் போலீசுக்குப் போவேன் என்று சொல்லி, அந்த எண்ணை நானே தடைசெய்தேன். அதற்குப் பிறகு அவர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அழைப்பு மணி வேலை செய்யாது. நான் மேலே ஹெட்போனோடு, ஏன் இன்னும் லைன் வரவில்லை என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

முதல் ஒரு மாதம் கம்பெனியின் தாமதம்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அதற்கடுத்த இரண்டு வாரம் முழுக்க முழுக்க என் உழைப்பு.

அடுத்த வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. "நாளைக்கு அவர செங்கல்பட்டு ஆபீசுல வந்து நிக்கச் சொல்லிகீறாங்க. யாரோ அவர் மேல எழுதிக் குடுத்துட்டாங்களாம்" என்றார். நான் போனுக்காகக் கையை நீட்டினேன். "நீங்களா சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, சிரிக்கும்படியாகத்தான் சொன்னேன். லோன் என்ற இடம் வரை சிரித்தாள். செங்கல்பட்டு வந்ததும் நிறுத்திவிட்டாள். "நாளைக்கு லீவு போட்டுட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது லைன்மேன் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார். விசாரணை முடிந்து அவரை வேடந்தாங்கல் பக்கம் மாற்றிவிட்டதாக அதே அதிகாரி சொன்னார். பறவை பார்க்க ஆட்கள் வரும் பருவம், அங்கேயும் லைன் கேட்கிறார்கள் என்றார். தவறு என்னுடையது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. நடவடிக்கை எடுத்த பிறகு புகார்தாரர் தவறு என்னுடையது என்றால், எடுத்த நடவடிக்கையை என்ன செய்வது? எழுத்தில் கொடுங்கள் என்றார். அங்கேயே நின்றபடி எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். லைன்மேனின் எண்ணை நான் தடைசெய்துவிட்டேன், அவர் மூன்று முறை வந்திருக்கிறார், என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். சிறுதலைப்பு எதுவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே ஏணியோடு ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். என் சின்னக் கடிதத்துக்குப் பிறகு மாற்றல் ரத்தாகித் திரும்பி வந்த அதே லைன்மேன்தான். இந்த முறை நான் கீழேயே இருந்தேன். மாடியில் அலுவலகக் கூட்டம் நான் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக நான் தயார் செய்து வைத்திருந்ததில் முதல் வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல விடவில்லை அவர். "வுடுங்க சார்" என்று ஏணியைச் சுவரில் சாய்த்தார். மோடம் எந்த அறையில் வைக்கவேண்டும் என்று கேட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் துளை போடவேண்டாம், மழையில் அந்தச் சுவரில் ஊறும் என்று அவரே சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்த மனை வயலாக இருந்தபோது அவருடைய அம்மா இங்கே நாற்று நட்டிருக்கிறார்களாம். தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? மனை விற்றவர் எங்களிடம் சொல்லாத தகவல் அது.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. காப்பி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, ஏதோ கேட்க வந்து கேட்காமல் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சார், மெத்தனம்னா இன்னா சார்? லெட்டர என்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. பதில் எழுதணும்னாங்க. அந்த ஒரு வார்த்த புரியல. ஆபீசரக் கேட்டேன், அவருக்கும் தெர்ல."

அர்த்தம் தெரியாத ஒன்றுக்கு அவர் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கையேடுகளில் எவ்வளவோ கடினமான சொற்களை எளிமைப்படுத்தியிருக்கிறேன். காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஸ்லோவாக வேலை செய்வது என்று அர்த்தம் என்றேன்.

"அவ்ளோதானா?" என்றார். "அத எல்லாரும்தான் சொல்றாங்க சார். நான் வேற இன்னாவோன்னு நெனச்சு இத்தன நாளா பேஜாராயிட்டேன்."

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தெருவின் கடைசி வீட்டிலும் அன்று அவருக்கு வேலை இருந்தது. நான் கணினியைத் திறந்து உட்காருவதற்குள் அங்கிருந்து சத்தம் கேட்டது. புதிதாகக் குடிவந்தவர், ஐ.டி. கம்பெனிக்காரர், இருபத்தைந்து நாளாகக் காத்திருப்பவர். கேட்டைத் திறக்காமலேயே உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். லைன்மேன் ஏணியை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செருப்புப் போடாமல் வேகமாக அங்கே போனேன். அவர்மேல் தப்பில்லை சார், கம்பெனிதான் தாமதம், இவர் நல்ல மனுஷர் என்றேன். ஐ.டி. கம்பெனிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு லைன் வந்துடுச்சா சார்?"

வந்துவிட்டது என்றேன். இன்றைக்குத்தான்.

"அதான்" என்றார்.

லைன்மேன் கீழே பார்த்தபடி லேசாகச் சிரித்தார். நான் திரும்பி நடந்தேன். தார் நன்றாகச் சூடேறியிருந்தது, வீடு வரும் வரை ஓரத்துப் புல்லிலேயே கால் வைத்து வந்தேன்.