இன்ஜின் நின்ற பிறகு

என் மகள் பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் அவள் மூக்கருகே விரலை நீட்டிப் பார்க்கிறேன். பத்து வயதுப் பெண். விரலில் வெதுவெதுப்பாகக் காற்று பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இந்தப் பழக்கம் மில் இன்ஜினை ஓட்டிய டிரைவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

உலகச் சண்டைக் காலத்தில் எண்ணெய் கிடைக்காமல் போனதும், பாகூரில் நான் கணக்கு எழுதிய அரிசி மில்லில் கரிவாயு இன்ஜினை வைத்தார்கள். கொட்டகை மூலையில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் இரும்பு உலை. அதில் கரி கனியும். எழும் வாயுவை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டு ஓடும். பகலில் நெல் அரைக்கும், பொழுது சாய்ந்தால் டைனமோவைச் சுற்றும். கடைத்தெருவின் நாலைந்து பல்புகள் அதை நம்பித்தான் எரிந்தன. அது கிளம்பினால் தரை அதிரும். ஓடி முடியும்வரை பெண்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். டிரைவர் கரி அப்பிய முகத்தோடு இன்ஜினைக் காட்டிக் கேலி செய்வார்: "எம் மாமியா கத்தினா பயப்படாதீங்கடி. வாய மூடிகினு குந்திகினு இருந்தா, அப்பத்தான் இன்னா பண்ணப் போறாளோன்னு பயப்படணும்!" எல்லோரும் சிரிப்போம்.

ஐப்பசி மழை. முதலாளி சாயபுவின் மகளுக்கு நிக்காஹ். பந்தலெங்கும் பல்பு கட்டி, மத்தியானம் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தார்கள். பிறகு டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். சாயங்காலம் சட்டென்று கிளம்ப வேண்டுமென்று உலையை மட்டும் அணைக்கவில்லை. நின்ற இன்ஜின் வாயுவை உறிஞ்சாது. அது வெளியேறத்தான் கூரைக்கு மேல் ஒரு குழாய். அதன் வழியே மழை இறங்கியது. "கரி நனஞ்சி வெளக்கு எரியலன்னா சம்பந்திங்க முன்னால என் மானம் போயிடும்பா" என்றார் சாயபு. டிரைவர் மேலே ஏறி, குழாயின் வாயில் தகரத்தைக் கவிழ்த்து, செங்கல்லும் வைத்துவிட்டு, சாப்பிட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பந்தியோரம் வந்து நின்ற என் மனைவியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சளியால் காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை இடுப்பில் இல்லை. "கொட்டாயில தூளி கட்டிப் போட்டேன். சூடா இருந்துச்சா, ஒடனே தூங்கிட்டா" என்றாள். மில்லில் நெல் காயவைக்கும் பெண்கள் மழைநாளில் எல்லோரும் செய்வதுதான். "இன்ஜின்தான் நின்னுடுச்சே" என்றும் சொன்னாள்.

டிரைவர் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். எதற்கென்று புரியாமலே, அவர் முகத்தைப் பார்த்த பயத்தில் நானும் ஓடினேன். கொட்டகை அமைதியாக இருந்தது. பழகிய கரி வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் தூளிக்குள் கைவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு மழைக்கு வந்தார். அதன் கன்னம் சிவந்து, அவ்வளவு அழகாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கா" என்று என் மனைவி கைநீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தார். அந்த விரலில் பந்தியின் நெய் பளபளத்தது. "அழுவுடி... என் தாயே, அழுவுடி" என்று உள்ளங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு சின்னச் செருமல். அப்புறம் அழுகை.

குழாயை மூடினால் வாயு கொட்டகைக்குள்ளேயே தங்கி, மணமே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொன்றுவிடும் என்று டிரைவர் பிறகுதான் சொன்னார். அன்று மாலை தகரம் இல்லாத குழாயோடு இன்ஜின் ஓடியது. பந்தல் ஜொலித்தது, சம்பந்திகள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்கக்கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு டிரைவர் மாமியாரைப் பற்றிக் கேலி பேசவேயில்லை. தினமும் இன்ஜினை நிறுத்தியதும் எங்கள் வாசலுக்கு வந்து, "கணக்குப்புள்ள, பாப்பா இன்னா பண்ணுது?" என்பார். தூங்குகிறாள் என்றால் போகமாட்டார். விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். சண்டை முடிந்து எண்ணெய் திரும்பியதும் உலையைக் கழற்றினார்கள். அவர் சோரியாங்குப்பம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது மின்சாரம் கம்பி வழியே சத்தமில்லாமல் வருகிறது. எங்கோ ஓர் உலை எரிந்துதானே இது வர வேண்டும்? அந்த உலையின் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை தூங்குகிறதோ.

நேற்று மத்தியானம் மகள் பாயில் படுத்திருந்தாள். விரலை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே, "மூச்சு வருதுப்பா, போ" என்றாள். விரலை எடுக்காமல், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன்.