கசியாத ஹெட்போன்

பாட்டுக்காரம்மாவுக்கு வலது காது முக்கால்வாசியும் இடது காது பாதியும் போய்விட்டது என்பது அந்த வீட்டில் பாட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். இன்னொருத்தர் அவள் புருஷன், கீபோர்டுக்காரர். அந்த மனுஷனுக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று தெரியும். குழாய் சொட்டுகிற தாளம் தெரியும். கட்டின பெண்டாட்டிக்குக் காது கேட்கவில்லை என்பது மட்டும் தெரியாது. என்னத்தைச் சொல்ல!

ரெண்டு பேரும் ஒரு மேடைக் குழுவில் இருந்தவர்கள். அவர் கீபோர்டு வாசிப்பார், அவள் பாடுவாள். அவள் நிற்கிற இடம் எப்போதும் டிரம்ஸுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இடி முழக்கத்துக்குள் நின்று பாடினால் காது என்ன ஆகும்? அன்றைக்கு யார் அதையெல்லாம் யோசித்தார்கள். குழு கலைந்ததும் கீபோர்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. பின்பக்கத்துப் படுக்கையறையில் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டார். சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளையும் மெத்தையையும் அடித்து மாட்டினார். நடுவில் ஒரு மைக். கூடத்தில் கம்ப்யூட்டர். ஸ்டுடியோ தயார். அதற்கப்புறம் ரெண்டு பேரும் கூடத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அந்த அறையில் பாடுகிறபோதுதான் அவள் அவளாக இருந்தாள்.

குழந்தைகளுக்கான பொம்மைப் படங்கள் எடுக்கிற ஒரு கம்பெனி அவர்களுக்குப் பாட்டு வேலை கொடுத்துவந்தது. யானை குளித்த பாட்டு, பல் தேய்க்கிற பாட்டு, பஸ்ஸில் ஏறிய பூனை பாட்டு. அவர் இசை அமைப்பார், அவள் பாடுவாள். வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கசிவு வந்தது.

கசிவு என்றால் இதுதான். பாடுகிறவர் காதில் ஹெட்போன் இருக்கும். பின்னணி இசையும், தாளம் தப்பாமல் இருக்க டக் டக் என்று ஒரு தட்டும் அதில் ஓடும். மைக்கில் விழ வேண்டியது குரல் மட்டும். ஹெட்போனிலிருந்து சத்தம் வெளியே கசிந்தால் மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மைக்குக்குத் தாட்சண்யம் கிடையாது. பஸ்ஸில் ஏறிய பூனையின் பின்னால் டக் டக் என்று யாரோ ஆணி அடிப்பதுபோல் கேட்கிறதே என்று கம்பெனி மேனேஜர் போன் பண்ணினார்.

ஏன் கசிந்தது என்று பாட்டுக்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் ஒரு திருகி. பாடுகிறவர் தன் காதுக்கு வேண்டிய அளவு சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அவள் கதவைச் சாத்தினதும் அதைக் கடைசி வரைக்கும் திருகிவிடுவாள். பாடி முடித்து ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவர் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார், கதவிலிருக்கிற சின்னக் கண்ணாடியில் அவள் முகம் மட்டும்தான் தெரியும், அவருக்கு இது எப்படிப் பிடிபடும். இன்னொன்றும் உண்டு. அவர் தன் பக்கத்து மைக்கில் "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பது அவள் காதில் கணீரென்று விழும். இப்போதெல்லாம் புருஷன் குரல் அவளுக்கு முழுசாகக் கேட்கிற ஒரே இடம் அந்த ஹெட்போன்தான். மற்ற நேரமெல்லாம் அவர் வாயைப் பார்த்து, பாதி ஊகித்து, சிரித்துச் சமாளிப்பாள். "உனக்குக் கவனமே கிடையாது" என்று அவர் கடிந்துகொள்வார். அந்தப் பேரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை காது டாக்டரிடம் போய்வந்தாள். நரம்பு கெட்டுவிட்டது, போனது போனதுதான் என்றார் டாக்டர். மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும், பாட்டுக்கு அது சரிப்படாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பெரிய சத்தமே ஆகாது.

"அவர்கிட்ட சொல்லித் தொலையேன்டி" என்றாள் அக்கா, டாக்டர் அறை வாசலிலேயே.

"சொன்னா அந்த ரூமைப் பூட்டிடுவார்க்கா. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா டாக்டர் சீட்டை மடித்து அவள் பையில் வைத்தாள்.

இந்தப் பக்கம் கீபோர்டுக்காரர் கசிவுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பழி முழுக்க ஹெட்போன்மேல் விழுந்தது. பழசு வெளிப்பக்கம் வலை வைத்த, திறந்த ரகம். பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும், பதிவுக்கு உதவாது. பின்பக்கம் மூடின ரகம்தான் வேண்டும். நல்லதாகவும் இருக்க வேண்டும், கைக்கு அடங்கின விலையிலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் போனில் எவனாவது ஹெட்போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பான். சாம்பார் விரல் பட்டுப் பட்டுப் போன் கண்ணாடியே மஞ்சளாகிவிட்டது.

கடைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, "சார், பேஸ் அள்ளும்" என்றார்.

"எனக்கு எதுவும் அள்ள வேண்டாம்பா. வெளிய சத்தம் வராம இருந்தாப் போதும்."

"வெளிய சத்தம் வரலைன்னா பக்கத்து சீட்காரன் எப்படி சார் வயிறெரிவான்?"

எல்லாரும் சிரித்தார்கள். பாட்டுக்காரம்மாவும் சிரித்தாள், என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே.

முதலில் வாங்கினது காதுமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. கசிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காதையே முழுங்குகிற மாதிரி ஒன்று வாங்கினார். அது மண்டையைக் கிட்டி போட்டுப் பிடித்தது. ரெண்டு பாட்டுக்குள் அவளுக்குத் தலைவலி. அதுவும் கசிந்தது. மூக்குக் கண்ணாடியின் கம்பி இடையில் போவதால் குஷன் ஒட்டவில்லை என்று எவனோ எழுதியிருந்தானாம், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அப்புறம் அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை. பாட்டை உள்ளங்கை அளவு எழுத்தில் எழுதிச் சுவர்க் கம்பளியில் குத்திவைத்தார். தோட்டைக் கழற்றச் சொன்னார். கொண்டையைத் தளர்த்தச் சொன்னார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் கழற்றினாள். திருகியை மட்டும் குறைக்கவில்லை. குறைத்தால் எதைக் கேட்டுப் பாடுவாள்?

அவரே மாட்டிக்கொண்டு சோதனை பண்ணினார். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

"நான் போட்டா கசியல, நீ போட்டா கசியுது. இது என்ன கூத்து! உன் மண்டை அளவுல ஏதோ இருக்கு, திரும்பி நில்லு."

தையல் டேப்பை எடுத்துவந்தார். காதுக்குப் பின்னால், தாடைக்கு மேல், உச்சிக்குக் குறுக்கே என்று அளந்தார். அவர் விரல் குளிர்ந்திருந்தது. காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, பள்ளம் எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தார். பின்னால் நின்றுகொண்டு என்னவோ பேசிக்கொண்டேயிருந்தார். வாயைப் பார்க்க வழியில்லாததால் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை. இந்த மனுஷன் எனக்காகக் கிடந்து அல்லாடுகிறாரே, நான் கல்லு மாதிரி நிற்கிறேனே என்று இருந்தது அவளுக்கு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் முன்பக்கம் வந்து, "கொஞ்சம் குனி" என்றார். குனிந்தாள்.

அந்த வாரமே மேனேஜர் பேசினார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. "அம்மா குரல் எங்களுக்குப் பிடிக்கும் சார். ஆனா அந்த டக் டக்கோட இனிமே எடுத்துக்க முடியாது. இப்ப கொடுத்திருக்கிற தாலாட்டுப் பாட்டு சுத்தமா வந்தா தொடர்ந்து உங்களுக்குத்தான். இல்லன்னா வேற பாடகியைப் பார்க்கச் சொல்றாங்க." கீபோர்டுக்காரர் போனை வைத்துவிட்டு, அவளுக்கு நேரே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக அதைச் சொன்னார். அது மட்டும் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

மூன்றாவது ஹெட்போன் வந்தது. அதைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாடு ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பாடு. விலை அடக்கம், கம்பி உறுதி, குஷன் தாராளம், சின்ன ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதாம். கம்பளியில் தூசி தட்டி, மைக்கைத் துடைத்து, அவள் தலையில் அவரே மாட்டிவிட்டார். "இது காலை வாராது பாரு" என்றார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டி.

கதவைச் சாத்திக்கொண்டு அவர் கூடத்துக்குப் போனார். அவள் திருகியில் கை வைத்தாள். பழையபடி ஏற்றினால் கசியும், பாட்டு போய்விடும். இறக்கினால் எதுவும் கேட்காது. ஆனால் இந்தத் தாலாட்டு ஒரு வாரமாக வாயிலேயே இருக்கிறது. நடை தெரியும், எங்கே மூச்சு, எங்கே இழுப்பு எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட முடியாதா? முடியும் என்று தன்னையே தைரியப்படுத்திக்கொண்டாள். திருகியை மற்றவர்கள் வைக்கிற இடத்தில் வைத்தாள். காதுக்குள் ஏதோ தூரத்தில் ஊர்கிற மாதிரி இருந்தது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே அவர் கையசைத்ததும் ஆரம்பித்தாள். தொண்டை அதிர்வதையும் நெஞ்சு எழும்புவதையும் நம்பிப் பாடினாள். ஊர்கிற சத்தம் நின்றபோது தானும் நிறுத்தினாள். நன்றாகத்தான் பாடியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு கீபோர்டுக்காரர் ஓடிவந்தார். பாட்டு ஓடுகிறபோது அவர் கண் முழுக்கத் திரையில் கசிவைக் காட்டுகிற கோட்டிலேயே இருந்திருக்கிறது, பாட்டு காதில் ஏறவே இல்லை. "கசியல! ஒரு துளி கசியல! நான் சொன்னேனா இல்லையா? எல்லாம் ஹெட்போன்தான்டி!" சின்னப் பிள்ளை மாதிரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்துக்கு இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்.

அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் சிரிப்பு அப்படியே இருந்தது. ரெண்டாவது வரியில் புருவம் கொஞ்சம் கூடியது. அப்புறம் முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நல்லா வந்திருக்கு. நீ போய் டீ போடு."

அவள் டீ போட்டு எடுத்துவந்தபோது அவர் அந்த மூன்றாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் குனிந்திருந்தார். திரையில் அவள் குரல் புழுப் புழுவாகக் கிடந்தது. பாடத் தெரியாதவர்கள் காசு கொடுத்துப் பாட வரும்போது அவர் செய்கிற வேலை அது. சுருதி இறங்கின ஒவ்வொரு இடத்தையும் பிடித்து மேலே இழுத்து, சரியான கோட்டில் உட்காரவைப்பார். "மாவுக்கட்டு போடறேன்" என்று அவளிடம் கண்ணடிப்பார். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஒரு வரியைத் தூக்கினார். அடுத்த வரியைத் தூக்கினார். ஒன்றிரண்டு இடம் என்றால் பரவாயில்லை. பாட்டின் எல்லா வரியும் அடியில்தான் கிடந்தது. அவர் சலிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார். டம்ளர் சுட்டது. கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் வைத்தாள். கிட்டே போய் அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், கை தன்னால் திரையை மறைத்தது.

"விடுங்க" என்றாள். "ஹெட்போன்ல எந்தக் குறையும் இல்லைங்க. எதுலயுமே இல்ல. எனக்குத்தான் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சுத்தான் பாடிட்டிருந்தேன். அதான் கசிஞ்சுது. இன்னிக்கு இறக்கிட்டேன்."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கலாம். கேட்கட்டும் என்று இருந்தது.

அவர் அவள் ரெண்டு கையையும் பிடித்து, தன் முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. உள்ளங்கையில் அவர் உதடு அசைவது தெரிந்தது. நிறைய ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாரா, ஏன் மறைத்தாய் என்று திட்டினாரா, இனிமேல் பாட வேண்டாம் என்றாரா, அவளுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைத் தூக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அவர் பேசி முடிக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.