அப்பாவின் இனிஷியல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். அப்பாவை அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இதயத்தில் அடைப்பு. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். என் நகைகளெல்லாம் கணவரின் விசாவுக்காக ஏற்கெனவே அடகில் இருந்தன. மஸ்கட்டில் வேலை பார்த்த அவர், எங்கெங்கோ புரட்டி, வியாழக்கிழமை காலையில் பணம் அனுப்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மயிலாப்பூரில் என் கணக்கு இருந்த வங்கிக்கு ஓடினேன். வெளிநாட்டுப் பணம் வரும் பிரிவில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். கண்ணாடி அறை, ஏசி என்று அதற்கு எங்களைவிட நல்ல வாழ்க்கை.

"முன்னெல்லாம் டெலக்ஸ் வந்து சரிபார்க்கவே நாளாகும். இப்ப பாருங்க மேடம், உடனே வந்துடுச்சு" என்றார் அதிகாரி பெருமையாக. அப்புறம் அவர் முகம் மாறியது. "பேர் இடிக்குதே. இனிஷியல் வேற."

நான் கல்லூரியில் படித்தபோது அப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. என் பெயருக்கு முன்னால் அவருடைய எழுத்து. கணவரோ, ஊர் வழக்கப்படி, கல்யாணமானவளைத் தன் எழுத்தோடு எழுதி அனுப்பியிருந்தார். வங்கியில் போய் மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு ஓடிக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா பெயர், கணவர் பெயர், என் பெயர், எல்லாம் அதில் இருந்தன.

"நான் நம்புறேன் மேடம். ரூல் விடாதே. அனுப்பின பேங்க்தான் திருத்தித் தரணும்" என்று சொல்லி, அவரே அங்கே செய்தி அனுப்பினார். ஆனால் வளைகுடாவில் வியாழன் மதியத்தோடு வார விடுமுறை ஆரம்பம். சனிக்கிழமை அங்கே திறந்தபோது இங்கே அரை நாள். கதவைச் சாத்தும் வரை நின்றேன், அழுதேன், சண்டைகூடப் போட்டேன். பதில் வரவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார்.

"அப்ப பேங்க்ல நீ இன்னும் என் பொண்ணுதானா?" என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ஞாயிறு விடியும் முன்பே போய்விட்டார்.

திங்களன்று பக்கத்து வீட்டுப் போனில் அந்த அதிகாரி. "பணம் ஏறிடுச்சு மேடம். அப்பாவுக்கு ஓடிப்போய்க் கட்டிடுங்க." பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. "சரி சார்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பணத்தில்தான் அப்பாவின் காரியம் நடந்தது.

அந்தக் கணக்கில் பெயரை மாற்றச் சொல்லி வங்கியில் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். அப்பாவின் உயிரைக் காவு வாங்கிய எழுத்து அது என்று தெரியும். ஆனால் அவர் கடைசியாகச் சிரித்தது அதற்காகத்தான். அதை நான் எந்தக் கையால் அடிப்பது?