காலிலிருந்து ஏறிய சிம்மீஸ்

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா வாயைத் திறந்தால் பேருந்தின் ஹாரனே வெட்கப்படும். அப்படிப்பட்டவளை ஒரு படிக்கட்டு சறுக்கி விழவைத்துவிட்டது. முறிந்த தோள் எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கை மார்புக்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வெட்ட வரும், தைக்க வரும், தலைவழியாக ஒரு துணியை மாட்டத்தான் வராது.

சீருடை, இடுப்போரம் நாடா கட்டும் மேலங்கி. அதில் தொல்லையில்லை. உள்ளே போடும் சிம்மீஸ்தான் எமன். புருஷன் விடியுமுன் பால்வண்டியோடு கிளம்பிவிடுவார். அடுத்த தெரு நாத்தனார் தன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து மாட்டிவிடுவதற்குள் பேருந்து பாதி ஊரைச் சுற்றியிருக்கும். திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியாயிற்று.

"இந்த வேலை போனா குடியா முழுகிடும்?" என்றாள் நாத்தனார், துணியைத் தலைவழியே இழுத்துவிட்டபடி.

"பின்னே, பகல் பூரா உங்க அண்ணன் குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கவா? அதுக்கு அந்த வாண்டுங்க போடற கூச்சலே தேவலை."

"அப்ப முன்னாடி பட்டன் வெச்சுத் தைச்சுக்குங்க அண்ணி."

"சின்ன வகுப்புப் பிள்ளைங்க என் நெஞ்சுல சாஞ்சுதான் தூங்குதுங்க. கன்னத்துல பட்டன் பதிஞ்சு இறங்கினா, பெத்தவங்க என்னையில்ல கேப்பாங்க?"

அன்று பாவாடையை இழுத்துக் கட்டும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இது காலிலிருந்து ஏறுகிறதே, சிம்மீஸ் மட்டும் ஏன் ஏறக்கூடாது?

சனிக்கிழமை மத்தியானம், துவைத்துத் துவைத்துப் பூப்போலாகிவிட்ட படுக்கை விரிப்பை எடுத்தாள். மார்பைச் சுற்றி அளந்து, நாலு விரல் கூட்டி, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக வெட்டினாள். இரண்டு பக்கமும் தைத்து, தோளுக்கு அகலப் பட்டை வைத்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலை உள்ளே விட்டாள். முழங்கால் தாண்டியது, தொடை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மார்பை அளந்தவள், நடுவில் இடுப்பு என்று ஒரு மலை இருப்பதை மறந்துபோயிருந்தாள்! மேலேயும் வராது, கீழேயும் போகாது.

"என்ன அண்ணி, சத்தமே காணோம்?" என்று கதவுக்கு வெளியே நாத்தனார் குரல் கேட்டது.

"உள்ள வா. சிரிக்காம வா."

வந்தவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "சாக்குக்குள்ள பூசணிக்காயை முக்கால்வாசி திணிச்ச மாதிரி இருக்கு!"

"சிரிச்சு முடிச்சதும் தையலைப் பிரிடீ."

கூடச் சிரித்தாலும் அவளுக்குத் திங்கட்கிழமை நினைவு வந்தது. நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு.

தையலைப் பிரித்தபடியே நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா திங்கக்கிழமை நான் விடியக்காலையிலேயே வந்துடறேன்."

"ஒரு நாள் வருவ. தினமும் வந்தா உன் பிள்ளைங்களுக்கு யாரு தலை சீவிவிடறது?" சொல்லிவிட்டு, பிரிந்து தொங்கிய பக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரோஜாப்பூப் போட்ட தலையணை உறையை உருவி, நீளவாக்கில் இரண்டு பட்டிகள் கிழித்தாள். "இடுப்புக்குத் தக்கபடி துணி இருக்கட்டும். மார்புக்குத் தக்கபடி எலாஸ்டிக் இழுத்துப் பிடிக்கும்."

"ஐயே, நடுவுல வெள்ளை, விலாவுல ரோஜாப்பூவா?"

"உள்ள போடறதுதானே! எந்த மாப்பிள்ளை பாக்க வரான்?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் பட்டிகளை வைத்துத் தைத்தாள். மேல்விளிம்பை மடித்துத் தைத்து, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே ஓட்டினாள்.

திங்கள். புருஷன் போய்விட்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து கால்களை விட்டு, எழுந்து இழுத்தாள். எலாஸ்டிக் விரிந்து கொடுக்க, மலையைத் தாண்டியது. வலிக்கிற கையை முதலில் பட்டைக்குள் நுழைத்தாள், பிறகு மற்றக் கையை. இடது கையால் மெல்ல மேலே ஏற்றினாள். பட்டைகள் தோளில் உட்கார்ந்தன. யாரும் தொடாமல், யாரையும் கூப்பிடாமல்.

மேலங்கியைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் நாத்தனார் போட்டுவிட்ட கொண்டையைத் தானே போடப் போனால், கை பிடரி வரை எட்டவில்லை. வெளியே ஹாரன் அலறியது. தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன ஆயாம்மா, தலைவிரி கோலமா வர்றே?" என்றார் டிரைவர்.

"உடம்பு வரைக்கும் வழி கண்டுபிடிச்சாச்சு. தலைக்கு இன்னிக்குச் சாயங்காலம் யோசிக்கிறேன். நீ வண்டியை எடு."