கூட்டிட்டுப் போக ஆள் வேண்டுமாம்

உலக நாடுகளில் பாலியல் தொழிலுக்கு என்னென்ன சட்டம் இருக்கிறது என்று தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போதுதான். வக்கீலாகப் பதிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தினமும் பரமக்குடியில் ஏறி இராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போகிற ஜூனியர் நான். அன்று சத்திரக்குடி தாண்டும்போது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். படிக்கட்டில் நாலு பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள். எடுக்கிறவன் குனிந்து, முந்தானைக்கு அடியில் போனை விட்டு முகத்தைத் தேடுகிறான். மேலே எழுதியிருந்தது: ‘விபச்சார அழகிகள் நால்வர் மீட்பு.’

அழகிகளாம். மீட்பாம். எனக்கு அருவருப்பாக இருந்தது. அடியில் சிரிக்கிற முகங்களாகப் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் மூன்று பேர் எனக்குச் சித்தப்பா முறை.

மற்ற ஊரில் எல்லாம் என்னதான் செய்கிறார்கள் என்று அந்தக் கோபத்தில் போனில் தேட ஆரம்பித்தேன். இராமநாதபுரம் வருவதற்குள் அரை உலகம் சுற்றிவிட்டேன். ஸ்வீடனில் விற்கிற பெண் மேல் குற்றம் இல்லை, வாங்க வருகிற ஆண்தான் குற்றவாளி. ஜெர்மனியில் அது அனுமதிக்கப்பட்ட தொழில், ஆனால் அரசாங்கத்திடம் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நியூசிலாந்தில் மற்ற வேலைகளைப் போல அதுவும் ஒரு வேலை. அமெரிக்காவில் ஒரே ஒரு மாநிலத்தில், அதிலும் சில வட்டாரங்களில் மட்டும் அனுமதி. தாய்லாந்தில் சட்டப்படி கூடாது, கண்ணுக்கு முன்னால் எல்லாம் நடக்கும். நம் தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கையில், வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன, வேலைவெட்டி இல்லாமல் திரிபவர்களுக்கான சட்டத்தை வைத்து இந்தப் பெண்களைப் பிடிக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டம் இன்னும் வேடிக்கை. ஒருத்தி தனியாக, தன் அறைக்குள் செய்தால் அது குற்றமில்லை. பயமாக இருக்கிறதென்று இன்னொருத்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் அந்த அறை விபச்சார விடுதி. கோயிலுக்கோ பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ இருநூறு மீட்டருக்குள் என்றால் தனியாக இருந்தாலும் குற்றம்.

இருநூறு மீட்டர். இராமேஸ்வரத்தில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டுப் போய் அந்த லாட்ஜ் வாசலிலிருந்து போனை வைத்து அளந்தேன். ஒரு பிள்ளையார், ஒரு மடம், ஒரு தீர்த்தம், மறுபடி ஒரு பிள்ளையார். அந்தத் தெருக்களில் சாமி இல்லாத இருநூறு மீட்டரை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டத்தை எழுதியவர் இந்தத் தீவுக்கு வந்திருக்கவே மாட்டார்.

வீடியோ வந்த அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். வீட்டில் அய்யா சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓட்டினார். பிறகு சோற்றுக் கை படாமல், இடது கையின் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பாதிச் சோற்றோடு நான் எழுந்துவிட்டேன்.

அம்மா அடுப்படியில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவதாக இறங்குகிறவளின் கையில் தேள் பச்சை குத்தியிருக்கிறது, பார்த்தாயா என்றாள். அந்தக் கை எங்கள் வயலில் ஆறேழு வருஷம் மிளகாய் பறித்த கை. கீழத்தெருக்காரி. புருஷன் இல்லை, ஒரே மகள் மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இராமேஸ்வரத்தில் லாட்ஜில் அறை கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். “நீயா எதுவும் பேசிட்டுத் திரியாத,” என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருக்கலாம்.

நான்கு நாள் கழித்து அந்த வழக்கே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சீனியர் இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் இருப்பவர். இந்த மாதிரி வழக்குக் கட்டெல்லாம் அவருக்குக் கை நாறும். நீயே பாரம்மா என்று என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். கட்டைப் பிரித்தால், பெண்கள் நால்வரும் பக்கத்து மாவட்டத்தில் ஒரு காப்பகத்தில். லாட்ஜ் மேனேஜருக்கு ஜாமீன் ஆகிவிட்டது. அறைகளில் இருந்த ஆண்கள் மூவரையும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தவராம். காலையில் கடலில் முங்கி எழுந்து பிண்டம் கரைத்திருக்கிறார், மத்தியானம் இங்கே வந்திருக்கிறார். அவர் இறங்கும்போது படம் எடுக்க யாரும் படிக்கட்டில் நிற்கவில்லை. இப்படிப் பெண்களின் படத்தை வெளியிடக் கூடாது, வயது வந்தவள் விருப்பத்தோடு இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று டெல்லிப் பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அது இராமேஸ்வரத் தீவுக்குப் போகிற பாலத்தைத் தாண்டி வரவில்லை போலிருக்கிறது.

தேள் கைக்காரி போலீசில் வேறு பெயர் கொடுத்திருந்தாள். ஊர் வாலிநோக்கம், தொழில் உப்பளக் கூலி என்று எழுதியிருந்தது.

காப்பகத்தில் மறுவாழ்வு என்ற பெயரில் மெழுகுவர்த்தி ஊற்றச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கம்பிக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு. மீட்கப்பட்டவர்களை எதற்குப் பூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பொறுப்பாளரம்மா என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அண்ணனோ தம்பியோ புருஷனோ ஆதார் அட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் சொல்லி அனுப்பிவிடுவோம், ஆள் வராவிட்டால் வருஷக்கணக்கில்கூட இங்கேயே இருக்க வேண்டியதுதான் என்றார். தேள் கைக்காரிக்கு வயது முப்பத்தொன்பது.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தேன். அன்றுதான் முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவே இல்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். என்னை அடையாளம் தெரிந்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளம்பும் முன் ஒன்றே ஒன்று சொன்னாள், மகளுக்கு லீவு விடுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று.

லீவுக்கு இருபது நாள் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று அவளுடைய தம்பி வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே வண்டியை விட்டேன். இந்தப் பக்கத்தில் எதற்கும் ஒரு ஆண் கையெழுத்து வேண்டும். விடுதியில் சேர, ஆபரேஷனுக்கு, கடன் சங்கத்துக்கு. நான் வக்கீலுக்குப் படிக்கப் போனபோது எனக்கு அய்யா போட்டார். அதே பழக்கத்தில், ஆறு நாட்டுச் சட்டத்தை மண்டையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆம்பளையைத் தேடிப் போனேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

தம்பி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் இரண்டு பேர் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். தணிந்த குரலில்தான் சொன்னேன், ஆனாலும் கறுப்புக் கோட்டோடு ஒருத்தி வந்து தணிந்த குரலில் பேசினால் தெருவே காது கொடுக்கும்.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “அந்த வீடியோவ ஊருக்குள்ள எல்லா போன்லயும் அழிச்சிட்டு வாங்க. நான் வந்து கையெழுத்துப் போடுறேன்,” என்றார்.

உங்கள் போனில் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு. ஒரு ஆதாரத்துக்கு வச்சிருக்கேன்,” என்றார்.

எதற்கு ஆதாரம் என்று கேட்கவே எனக்குக் கூசியது. அக்கா மகளிடம் தானே பேசிக்கொள்வதாக வேறு சொன்னார்.

பத்து நாளில் ஒரு மனு தயார் செய்தேன். பதினேழு பக்கம். ஸ்வீடன், ஜெர்மனி, நியூசிலாந்து எல்லாம் உள்ளே. அதைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போய், தம்பி விஷயத்தைச் சொல்லப் பயந்துகொண்டு, முதலில் நாடு நாடாக அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். மெழுகு ஒட்டிய விரலை உரித்துக்கொண்டே கேட்டாள். ஜெர்மனியில் பெயர் பதிய வேண்டும் என்றதும், பேரைக் கேட்பார்களென்றால் அது வேண்டாம் என்றாள். ஸ்வீடனில் வருகிற ஆணைத்தான் பிடிப்பார்கள் என்றேன்.

“பிடிச்சா மட்டும் வராம இருப்பானாக்கும். பயந்துகிட்டு இன்னும் ஒதுக்குப்புறமாக் கூட்டிட்டுப் போவான். அங்கன கத்துனா யாருக்குக் கேக்கும்?”

புத்தகங்களில் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்கிற வாதம் அது. அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நியூசிலாந்தைப் பற்றிச் சொன்னேன்.

“அந்த ஊருல வெளிய போறதுக்கு ஆள் வந்து கூட்டிட்டுப் போகணுமா?”

வேண்டாம் என்றேன்.

“அப்ப நல்ல ஊருதான்.”

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. தம்பியைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் விரலை உரிப்பதை நிறுத்தினாள். தெருவில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“மூஞ்சிய மூடியிருந்தேன். பேர மாத்திச் சொன்னேன். நீ போற வரைக்கும் அது நான்தான்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது தாயி.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முந்தானைக்கு அடியில் போனை விட்டவன் தேடியும் கிடைக்காத முகத்தை, நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்த் தெருவில் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவனைப் பார்த்து வந்த அருவருப்பு அப்போது என் மேலேயே வந்தது. அது இன்னும் போகவில்லை. இதை எழுதினால் போய்விடும் என்றும் நான் நினைக்கவில்லை.

இனி என்ன செய்யட்டும் என்று நான்தான் கேட்டேன். இந்த முறையாவது கேட்டேனே.

மகளுக்குத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். தம்பி வாயால் அது தெரியக் கூடாது. காப்பகத்துப் போனிலும் வேண்டாம், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு வெளியே வர வேண்டும். தம்பியோ வேறு எந்த ஆளோ வந்து கூட்டிப்போகிற மாதிரி இருந்தால் தான் வரப்போவதில்லை என்றாள்.

“இராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறித் தனியாத்தான வந்தேன். போறப்ப மட்டும் எதுக்கு ஆளு?”

பதினேழு பக்கத்திலும் இந்த ஒரு கேள்வி இல்லை. அன்று இரவே பதினாறைக் கிழித்தேன். புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது மனு ஒரே பக்கம். வயது வந்த ஒரு பெண், குற்றவாளி என்று யாரும் சொல்லாதபோது, யாருடைய கையெழுத்தும் இல்லாமல், தானே வெளியே போக அனுமதி வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் காப்பகத்தில் அவள் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுவிட்டு, தன் உண்மையான பெயரில் கையெழுத்துப் போட்டாள்.

மகளுக்கு லீவு விட இன்னும் எட்டு நாள் இருக்கிறது. தம்பி இதுவரை அவளுக்குப் போன் போடவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமை பத்தரைக்கு மனு வருகிறது. அப்படியானால் இவரை யார் பொறுப்பேற்று அழைத்துப்போவது என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார் என்கிறார் சீனியர். யாரும் இல்லை, அவரே போவார் என்று நான் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டம். இரண்டு நாளாக மாடியில் நின்று சொல்லிப் பழகுகிறேன். தள்ளுபடி ஆனால் அன்றைக்கே உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குப் போய் மேல் கோர்ட்டில் போடுவேன்.