புகையான் அடித்த குடல்

கால்நடை மருத்துவ மேற்படிப்பில் எனக்கு வாய்த்த ஆய்வு, பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்கு. அந்த வைரஸ் முழு வீரியத்தோடு போனால் குட்டியின் குடலை என்ன செய்கிறது, வீரியத்தைக் குறைத்துக் கொடுத்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். குடலின் உட்புறம் விரல் விரலாக நிற்கும் சதையை மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, ஒவ்வொரு தாளிலும் இரண்டு விதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கார்த்திகை மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன்.

மறுநாள் எழுந்தபோது ஒரு தாளைக் காணோம். அம்மாவையும் காணோம். போன் செய்தேன்.

"பூச்சிமருந்துக் கடையில இருக்கேன். ட்ரோன்ல எடுத்த படத்த எங்கிட்ட ஏண்டி காட்டல? நம்ம வயல்ல பாதி படுத்துக் கெடக்கு!"

முந்தின வாரம்தான் எங்கள் சம்பா வயலுக்கு ட்ரோனில் மருந்து அடித்திருந்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல் விளக்காமல் ஸ்கூட்டியை எடுத்து, வெண்ணாற்றுப் பாலம் தாண்டிப் பறந்தேன்.

கடை வாசலில் நான்கைந்து விவசாயிகள். படத்தைக் கடைக்காரர் சுவரில் ஒட்டியே விட்டிருந்தார்.

"புகையான் பூச்சிதாங்க," என்றார். "வட்ட வட்டமா சாஞ்சிருக்கு பாருங்க."

"இல்லங்க, இது குலைநோய்," என்றார் ஒரு பெரியவர். "இந்தப் பக்கம் கொஞ்சம் தேறிடும். அந்தப் பக்கம் கைய கழுவிட வேண்டியதுதான்."

அவர் தேறும் என்றது வீரியம் குறைந்த வைரஸ் போன பக்கம். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு இதை விளக்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"இது வயல் இல்லைங்க," என்றேன். "பன்னிக்குட்டியோட குடல்."

கடைக்காரர் வாயருகே கொண்டுபோன வடையை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா கையில் மருந்து பாட்டில் இருந்தது.

"குடல்னு மேல எழுதி வைக்கக் கூடாதா?"

"எழுதியிருக்கும்மா. இங்கிலீஷ்ல."

கடைக்காரர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு பெரிது. அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. சுவரிலிருந்து உரித்தெடுத்த படத்தை வீடுவரை பின்சீட்டில் மடியில் மறைத்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குடல் டாக்டர் இருக்காங்களா? கன்னுக்குட்டி ரெண்டு நாளா கழியுதுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள், "படத்த மட்டும் இங்கயே வச்சிட்டுப் போகச் சொல்லுங்க."