வெயில் அடித்த அந்தச் சனிக்கிழமை

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், மழை விடட்டும் என்று காத்திருந்தது. மெட்ராஸ் மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஐப்பசியில் வரும், கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும், மார்கழி பிறந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். அதே நினைப்பில் செப்டம்பர் முழுவதும் ஜன்னலோரம் நின்று, இந்த மழைக்காலம் முடிந்ததும் புல்லை வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அது முடியவே இல்லை. பத்து நிமிடம் தூறல், பத்து நிமிடம் சுள்ளென்று வெயில், அந்த வெயிலிலேயே மறுபடி மழை. புல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

நான் நர்ஸ். தெற்கு ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, பாப்பக்குரா என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணையில், பண்ணைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தாள். அவள் காலி செய்தபோது நான் அங்கே போனேன். வாடகை குறைவு; பதிலுக்கு வீட்டைச் சுற்றியிருந்த புல்லை நான் வெட்ட வேண்டும். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். திருவல்லிக்கேணியில் இரண்டாவது மாடியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? மாட்டுக்குப் போடுவது, பிள்ளையாருக்குச் சாத்துவது, அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் வெட்டினாலும் வெட்கமில்லாமல் திரும்ப வந்து நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்போது என் மகள் மெட்ராஸில் இருந்தாள். நான் விமானம் ஏறியபோது அவளுக்கு ஒரு வயது நாலு மாதம். எனக்குத்தான் முதலில் வேலையும் விசாவும் கிடைத்தன. கணவரின் காகிதங்கள் ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். பதினெட்டு மாதம் ஆயிற்று. அவளை வளர்த்தது என் நாத்தனார், கணவரின் அக்கா. அவருடைய இரண்டு பையன்களும் அவரை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு என் மகளும் அப்படியே கூப்பிடக் கற்றுக்கொண்டாள். "அத்தைன்னு சொல்லுடி" என்று அக்கா திருத்தித்தான் பார்த்தார். நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்வேன். "அம்மா லைன்ல இருக்காங்க, பேசு" என்று அவள் காதில் ரிசீவரை வைப்பார்கள். மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, அக்காவைப் பார்த்து, "நீதான் இங்க இருக்கியே" என்பாள். அந்த மூச்சுச் சத்தத்துக்காக நான் அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பேன். இந்தக் குழந்தை என்னிடம் வருவாளா என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு கேள்வியே இல்லை.

இரண்டாம் வருடம் புல்லோடு எனக்கு ஒரு சமாதானம் ஏற்பட்டிருந்தது. நைட்டிக்கு மேல் ரெயின்கோட், காலில் கம்பூட்ஸ், தலையில் மருத்துவமனைத் துண்டு. பண்ணைக்காரர் முதல் தடவை என்னை அந்தக் கோலத்தில் பார்த்தபோது மாடுகளைக்கூட மறந்து நின்றார். ஈரப்புல்லை வெட்டினால் புல் வெட்டும் மெஷினுக்கு அடியில் கொத்தமல்லித் துவையல் மாதிரி அப்பிக்கொள்ளும். நிறுத்தி, கவிழ்த்து, குச்சியால் சுரண்டி, மறுபடி கிளப்ப அதன் கயிற்றை இழுக்க வேண்டும். ஏழெட்டு இழுப்புக்குக் குறைந்து அது கிளம்பியதில்லை. மேற்கிலிருந்து காற்று வந்தால் மழைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வேலியோரத்தில் வெள்ளைப் பூவோடு ஒரு களை மண்டிக்கிடக்கும். அதன் மேல் பிளேடு ஓடினால் சின்ன வெங்காயம் நறுக்கிய வாசனை வரும். அந்த வாசனையில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும்: புல் வெட்டும்போது தாராளமாக அழலாம். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஜூலை மாதத்து ஒரு ஞாயிறு, போனில் அந்த மூச்சைப் பார்த்துச் சொன்னேன்.

"இங்க வீட்டைச் சுத்திப் பச்சைப் பசேல்னு புல்லு இருக்குடா. நீ வந்தா செருப்பு இல்லாம ஓடலாம்."

மூச்சு நின்றது. பிறகு, "முள்ளு?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "முள்ளே இல்லடா செல்லம்" என்றேன். போனை வைத்ததும் இருட்டுவதற்குள் ஓடிப்போய்த் தரையைத் தடவிப் பார்த்தேன். முள் இல்லை. ஆனால் மறுநாள் பண்ணைக்காரர் காலால் ஒரு குட்டையான செடியைக் காட்டினார். கீரைக் கன்று மாதிரி, தரையோடு தரையாக, பார்க்க அப்பாவியாக இருந்தது. "இதற்கு ஒனிஹங்கா களை என்று பேர். இப்போது ஒன்றும் செய்யாது. வெயில் ஏறினால் முள் வைக்கும், வெறுங்காலோடு நடக்க முடியாது" என்றார். ஒனிஹங்காவில் எனக்குத் தெரிந்தது, பருப்பும் பச்சரிசியும் வாங்கும் ஒரே ஒரு கடைதான். அந்த ஊரின் பெயரில் என் குழந்தையின் காலுக்கு ஒரு எதிரி இருப்பது அன்றுதான் தெரிந்தது. மருந்து அடித்தால் போதும் என்றார் அவர். குழந்தை உருளப்போகும் இடத்தில் மருந்தா? வேலை இல்லாத நாட்களில் காய் நறுக்கும் கத்தியோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ஆகஸ்ட் முடியும்போது வாசல் பக்கம் சுத்தமாகிவிட்டது. எனக்குத்தான் இடுப்பு போய்விட்டது.

செப்டம்பரில் விசா வந்தது. வெள்ளி இரவு மெட்ராஸில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, ஞாயிறு முற்பகல் இங்கே இறங்குகிறார்கள். அந்த வாரம் முழுக்க மழை. கோவாய் என்று இங்கே சொல்லும் மரம் மஞ்சளாகப் பூத்து, பூ அத்தனையும் காற்றில் உதிர்ந்து சேற்றில் கிடந்தது. நான் தோண்டிச் சுத்தம் செய்த தரையில் புல் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. ரேடியோவில் தினமும் "தூறல், பிற்பாடு தெளியும்" என்றார்கள். அந்தப் பிற்பாடு வரவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அக்கா.

"கிளம்பிட்டாங்க. உள்ள போயிட்டாங்க, கண்ணாடி வழியா கை காமிச்சா. நான் வீட்டைப் பெருக்கலை, தலைக்குக் குளிக்கலை. அவங்க வந்து சேர்ந்ததும் போன் பண்ணு."

"சரிக்கா" என்றேன். வெளியே வந்தால், வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்படி ஒரு வெயிலை அந்த வருடம் நான் பார்க்கவே இல்லை. காற்றும் இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் புல்லின் நுனி காய்ந்துவிட்டது. மெஷினை வெளியே இழுத்தேன், பெட்ரோல் ஊற்றினேன், கயிற்றைக் கையில் சுற்றினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பியவர்கள் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருக்கினால் போனவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டதாக ஆகிவிடுமாம். பெருக்குவதே கூடாதென்றால், வெட்டுவது? சட்டப்படி பார்த்தால் அந்த விதி மெட்ராஸ் வீட்டு விளக்குமாற்றுக்குத்தான். அவர்கள் கிளம்பியது அங்கிருந்து. நான் அவர்கள் வந்து சேரும் இடத்தில் இருக்கிறேன். எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதையெல்லாம் எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். நோயாளிக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குகிறவள் நான். ஆனால் என் குழந்தை கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். கயிற்றைக் கீழே விட்டுவிட்டேன்.

வாசல்படியில் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பண்ணைக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். "நல்ல நாள்" என்றார். ஆமாம் என்றேன். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளைக்கு மழை" என்றார். தெரியும் என்றேன். அவர் போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணி நேரம் கழியும்போதும் கையில் கிடைத்ததைக் கீழே போடுவது மாதிரி இருந்தது எனக்கு. வெட்டியிருந்தால் நாளைக்கு அவள் காலடியில் பாய் விரித்தது போல இருந்திருக்கும். வெட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மதியம் உள்ளே போய் அவளுக்குப் பிடிக்கும் என்று அக்கா சொல்லியிருந்த பருப்புத் துவையலை அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திய பிறகும் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், பண்ணைக்காரர் உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷினில் என் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்திருக்கிறார், பாவம். வாசலிலிருந்து எலுமிச்சை மரம் வரை சுத்தமாகப் பாதி முடிந்துவிட்டது. நான் நைட்டியோடு, கையில் துவையலோடு, அவர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மனுஷர் பதறிப்போய் நிறுத்தினார்.

"வேண்டாம், வெட்டாதீர்கள்! அவர்கள் ஆகாயத்தில் இருக்கிறார்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தார்.

"என் மகள். விமானத்தில் வருகிறாள். அவள் இறங்கும் வரை நான் எதையும் வெட்டக் கூடாது."

தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், ஒரு சண்டைக்குக்கூடத் தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "வெட்டியது நான்தானே, நீ இல்லையே" என்று மட்டும் சொன்னார். பிளேடை மேலே தூக்கிவிட்டு, வெட்டாத பாதியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனார். அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் அன்று விமானக் கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலாவது தடவை அந்தப் பெண்ணே என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

ஞாயிறு அவர் சொன்னபடியே மழை. ஏர்போர்ட்டில் கணவர் தள்ளுவண்டியோடு வந்தார், இளைத்திருந்தார். அவர் தோளில் அவள், அக்கா பின்னிய சிவப்பு ஸ்வெட்டரில். போட்டோக்களில் பார்த்ததைவிடப் பெரியவளாக இருந்தாள். நான் கை நீட்டினேன். அவள் அப்பாவின் காதில், எனக்குக் கேட்கும்படி, "இந்த ஆன்ட்டி யாரு?" என்றாள்.

"அம்மாடா கண்ணு" என்றார் அவர்.

"இல்ல" என்றாள். அழுத்தமாக, கோபமே இல்லாமல், தப்பைத் திருத்துகிற மாதிரி.

பண்ணைக்கு வந்தோம். வெட்டிய பாதியும் வெட்டாத பாதியும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. களைப்பு. பசிக்கிறது என்றாள், சாப்பிடவில்லை. தூக்கம் வருகிறது என்றாள், படுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கணவர் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து ஓய்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். "அம்மா எங்க? அம்மா கிட்ட போலாம்" என்று அவள் கதவைத் தட்டினாள். நான் கிட்டே போனால் இன்னும் உரக்க அழுதாள். நான் மெட்ராஸுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வந்து சேர்ந்துட்டாங்க. ஆனா அழறா. எப்படித் தூங்க வைப்பீங்க? பாடுவீங்களா? தட்டிக் கொடுப்பீங்களா? சொல்லுங்க."

இவள் அழுவது அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன்க்கா?"

"சொன்னா நீ அதையே செய்வ. அவளுக்கு என் ஞாபகம்தான் வரும். நீயா எதையாவது பண்ணு. இன்னும் கொஞ்ச நாளைக்கு என்கிட்ட அவளைப் பேச வைக்காதே." ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

பதினெட்டு மாதம் நான் போனில் கேட்ட மூச்சை இனி அவரால் கேட்கக்கூட முடியாது. அவரே அப்படி முடிவு செய்துவிட்டார். ஏங்குகிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், குழந்தையிடமிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா எங்க?" என்று மறுபடி கேட்டாள்.

காலையிலிருந்து கணவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த, இவங்கதான் அம்மா என்ற பதில் என் வாயில் வரவில்லை.

"அம்மா மெட்ராஸ்ல இருக்காங்க. ரொம்ப தூரம். எனக்கும் அவங்களைப் பாக்கணும் போல இருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் இல்லை, பக்கத்தில்தான்.